பைபாஸ் ஆயில் ஃபில்டருக்கு வண்டியில் எங்கே இடம்: பானெட்டுக்குள்ளா, சேஸிஸிலா, வேண்டவே வேண்டாமா?

வழக்கமான ஃபில்டரோடு கூடுதலாக ஒரு பைபாஸ் ஆயில் ஃபில்டர் பொருத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். எந்த ஃபில்டர் நல்லது என்று முதலில் அலசுவார்கள், எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்று ஒப்பிடுவார்கள், வாங்கியும் விடுவார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் பானெட்டைத் திறந்து, இதை எங்கே மாட்டுவது என்று தேடத் தொடங்குவார்கள். இன்றைய வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் கை நுழைவதே பெரும்பாடு. கடைசியில் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே ஒரு பிராக்கெட்டை முடுக்கி, ஹோஸ்களை எப்படியோ வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதித் தொல்லை குறைந்துவிடும். முதலில் இடம், அந்த இடத்துக்கு ஏற்ற ஃபில்டர், அதற்குப் பிறகே பணம்.

இடம் என்றால் ஃபில்டர் உட்காரும் அளவுக்கு வெற்றிடம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். போதாது. ஹோஸ் எவ்வளவு தூரம், எதன் பக்கத்தில் போகிறது? ஃபில்டரைக் கழற்றும்போது கை எப்படி நுழையும், வடியும் ஆயில் எங்கே விழும்? என்றாவது ஹோஸ் பிய்ந்தால், நான்கு ஐந்து பார் அழுத்தத்தில் பீய்ச்சும் கொதிக்கும் ஆயில் எதன்மேல் தெறிக்கும்? என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் முதலில் வர வேண்டும். கீழே ஒவ்வொரு இடத்தையும் இந்தக் கேள்விகளைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன்.

எதற்காக இந்தப் பாடு

வண்டியோடு வரும் வழக்கமான ஃபில்டர் ஃபுல்-ஃப்ளோ வகை. பம்பிலிருந்து வரும் ஆயில் முழுவதும் அதன் வழியாகத்தான் பேரிங்குகளுக்குப் போகிறது. அதனால் அதன் வடிதாளை மிக நெருக்கமாக அமைக்க முடியாது; நெருக்கினால் ஓட்டம் தடைப்படும். பெரும்பாலானவை 20 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்களைத்தான் நம்பகமாகப் பிடிக்கின்றன. ஓடும் இன்ஜினின் பேரிங்குகளில் இருக்கும் ஆயில் படலம் அதைவிட மெல்லியது. அந்தப் படலத்தின் தடிமனுக்குச் சமமான சிறு துகள்களே தேய்மானத்தை உண்டாக்குகின்றன.

பைபாஸ் ஃபில்டர் பம்ப் தரும் ஆயிலில் 5 முதல் 10 சதவீதத்தை மட்டும் தனியே எடுத்து, அடர்ந்த வடிகட்டி வழியாக மெல்லக் கசியவிட்டு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு நேரே திருப்பி அனுப்புகிறது. எந்தப் பேரிங்கும் அந்த ஆயிலுக்காகக் காத்திருக்கவில்லை என்பதால், இரண்டு மூன்று மைக்ரான் துகள்கள் வரை பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, ஆறு லிட்டர் சம்ப்பின் ஆயில் அளவு சில நிமிடங்களில் ஒருமுறை இதைக் கடந்துவிடுகிறது. இது புதுச் சரக்கும் அன்று. கார்களுக்கு என்று முதலில் பெயர் வாங்கிய ஆயில் ஃபில்டரே, 1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹாலும் கொண்டுவந்த பியூரோலேட்டர், பைபாஸ் வகைதான். ஃபுல்-ஃப்ளோ பின்னால் வந்து அதை ஓரங்கட்டியது.

விற்பவர்கள் ஓயாமல் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் நடத்தி 1988-இல், வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ.யின் கட்டுரையாக வெளிவந்தது. 40 மைக்ரான் வடிகட்டலோடு ஒப்பிட்டால் 30 மைக்ரானில் தேய்மானம் 50 சதவீதமும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்தது என்கிறது. எண்கள் உண்மையே. ஆனால் அது தேய்க்கும் தூசியை அளந்து கலந்து நடத்திய சோதனை. சுத்தமான ஏர் ஃபில்டரோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அதே விகிதம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சாதாரண ஃபில்டருக்குள் பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பும் அவசர வழி அது. நாம் பேசும் ஃபில்டருக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது.

பானெட்டுக்கு அடியில், வண்டியின் உடலோடு

எல்லோரும் முதலில் பார்க்கும் இடம் இதுதான். பேட்டரிக்குப் பக்கம், ஃபெண்டரின் உட்புறத் தகடு, இன்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள சுவர், ரேடியேட்டர் சட்டத்தின் ஓரம் என்று நான்கைந்து மூலைகளைச் சொல்லலாம். நன்மைகள் வெளிப்படை. ஹோஸ் குட்டையாக இருக்கும். சேறும் கல்லும் படாது. நின்றபடியே ஃபில்டரை மாற்றலாம். கசிவு இருந்தால் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. இன்ஜின் ஆயில் சுமார் 200 முதல் 230 டிகிரி செல்சியஸில் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருகிறது. பாரம் இழுக்கும் டர்போவின் சைலன்சர் பக்கக் கூடோ 600 டிகிரியைத் தாண்டும். டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இருக்கும் பக்கத்தில் எவ்வளவு அழகான காலியிடம் இருந்தாலும் அதை இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவாட்டில் இன்ஜின் வைத்த கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டு பின்சுவரை ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பின்சுவர் பட்டியலிலிருந்து உடனே விழுந்துவிடும். வெப்பத் தகடு வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். தகடு கதிர்வீச்சைத் தடுக்கும். பீய்ச்சும் ஆயிலைத் தடுக்கும் என்று அதை நம்ப எனக்குத் துணிவில்லை.

இடமே இல்லாத பானெட்டிலும் சில நேரங்களில் இடம் உண்டாக்கலாம். கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டி, ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் கூடு, பேட்டரி ஆகிய நான்கில் நகர்த்த எளிதானது தண்ணீர்த் தொட்டி. அதை வேறு மூலைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் குளிர்ந்த, கைக்கு எட்டும் ஓர் இடம் விடுபடும். பேட்டரியைச் சிறியதாக மாற்றுவது அடுத்தது. ஏர் ஃபில்டர் கூட்டைத் தொட வேண்டாம். ஒரு நுண் தூசியைப் பிடிக்கப் போய், அதைவிடப் பெரிய தூசிக்கு வாசல் திறக்கும் வேலை அது.

உடலில் பொருத்தும்போது மறந்துவிடும் இன்னொன்று: இன்ஜின் ரப்பர் மவுண்டுகளில் ஆடுகிறது, உடல் ஆடுவதில்லை. கியர் மாற்றும்போதும் அணைக்கும்போதும் இன்ஜின் சில சென்டிமீட்டர் புரளும். விறைப்பாக இழுத்துக் கட்டிய ஹோஸ் ஒவ்வொரு முறையும் அதன் முனையில் அடி வாங்கும். சற்றே தளர்வான ஒரு வளைவு கட்டாயம் வேண்டும். அந்த வளைவும் இடத்தைத் தின்னும். கால் அங்குல எஸ்.ஏ.இ. 100ஆர்1 வகை ஹைட்ராலிக் ஹோஸை வளைக்கக்கூடிய குறைந்தபட்ச ஆரம் சுமார் 10 சென்டிமீட்டர். அதாவது ஒரு திருப்பத்துக்கு உள்ளங்கையைவிட அகலமான இடம் தேவை. ஃபில்டருக்கு இடம் பார்த்துவிட்டு ஹோஸுக்கு இடம் பார்க்காதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்ஜின் மேலேயே

இன்ஜின் பிளாக்கிலோ சிலிண்டர் ஹெட்டிலோ பயன்படாமல் இருக்கும் திருகுத் துளைகளில் ஒரு பிராக்கெட் போட்டு, அதில் ஃபில்டரைத் தொங்கவிடுவது. ஃபில்டரும் இன்ஜினும் ஒன்றாகவே ஆடுவதால் ஹோஸுக்கு வேலை குறைவு. ஒரு சாண் நீளம்கூடப் போதும். ஆனால் ஆயில் நிரம்பிய ஃபில்டரும், ஹோஸ்கள் வந்து சேரும் அதன் தலைப்பகுதியும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோ இருக்கும். அந்தப் பாரம் நாள் முழுதும் அதிர்ந்துகொண்டிருந்தால், தகட்டை வளைத்துச் செய்த மெல்லிய பிராக்கெட்டின் வளைவில்தான் முதலில் விரிசல் விழும். டீசலில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆறு மில்லிமீட்டர் தகடு, இரண்டுக்கு மேற்பட்ட போல்ட்டுகள், ஓரத்தில் முட்டுத்தகடு என்று கனமாகச் செய்ய முடிந்தால் இது நல்ல வழி. அதற்கு வசதியில்லை என்றால் வேண்டாம்.

சேஸிஸ் சட்டத்தின் ஓரம்

பிக்கப், லாரி, வேன், சட்டத்தின்மேல் உடல் வைத்த பெரிய எஸ்.யு.வி. ஆகியவை வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் இதுதான். முன்சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்தின் உட்புறத்தில், சைலன்சர் குழாய் போகாத பக்கத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரு முழம் இடம் சும்மா கிடக்கும். பெரிய ஃபில்டரே போடலாம். ஃபில்டர் பெரிதானால் அழுக்கைத் தாங்கும் அளவும் கூடும், வண்டியிலுள்ள மொத்த ஆயிலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று கூடும். வெப்பம் குறைவு. கழற்றும்போது வடிவது தரையில் வைத்த தட்டில் விழும்.

எதிர்ப்பக்க வாதங்களும் பலமானவை. சக்கரம் எறியும் கல், தேங்கிய தண்ணீர், துரு ஆகியவை முதல் வகை. ஃபில்டரின் அடிப்பகுதி சட்டத்தின் கீழ் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கவே கூடாது. தாழ்ந்திருந்தால் அது தரையில் மோதும் முதல் பொருளாகிவிடும். மெல்லிய தகடுக் கூடு கொண்ட ஃபில்டருக்கு முன்னால் ஒரு கல்தடுப்புத் தகடு வைப்பது வீண் அலங்காரம் ஆகாது.

இரண்டாவது, ஹோஸ் நீளம். இரண்டு மீட்டர் வரை போகலாம். நீண்ட ஹோஸ் என்றால் உரசும் இடங்களும் அதிகம். குளிர் மிகுந்த ஊர்களில் தடித்த ஆயில் இவ்வளவு தூரம் மெல்லிய குழாயில் நகரவே நேரமாகும்; இன்ஜின் சூடேறும்வரை பைபாஸ் ஃபில்டர் ஏறக்குறைய வேலை செய்யாது. அதனால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

மூன்றாவது, மட்டம். ஃபில்டர் சம்ப்பின் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்து, திரும்பும் ஹோஸும் சம்ப்பில் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தால், ஃபில்டரைத் திருகிக் கழற்றியதும் சம்ப்பிலுள்ள ஆயில் தானாக வெளியே ஓடிவரும். தலைப்பகுதியிலேயே ஒருவழி வால்வு உள்ள ஃபில்டரை வாங்கலாம். திரும்பும் ஹோஸை ஆயில் மட்டத்துக்கு மேலே சேர்க்கலாம். திறந்து மூடும் பந்து வால்வு வைப்பவர்களும் உண்டு. ஊட்டும் பக்க வால்வு திரும்பும் ஹோஸ் வழியே வரும் ஆயிலை நிறுத்தாது; ஆனாலும் பாதுகாப்பானது அதுதான். அதை மூடியபடி மறந்தால் பைபாஸ் வேலை செய்யாது, அவ்வளவே. திரும்பும் பக்க வால்வை மூடியபடி இன்ஜினை ஓட்டினால், பம்பின் முழு அழுத்தமும் ஃபில்டர் கூட்டுக்குள் நின்றுவிடும்.

சட்டத்தில் துளை போடுவது பற்றி ஒரு சொல். மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவே கூடாது. சட்டத்தின் வலு அங்கேதான் இருக்கிறது. பக்கச் சுவரில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள், அல்லது சுற்றிப் பிடிக்கும் கவ்வியைப் போடுங்கள்.

பம்பருக்குப் பின்னால், சக்கர வளைவுக்குள்

சட்டமில்லாத கார்களில் பானெட்டில் இடம் கிடைக்காதவர்கள் தேடும் இரண்டாவது இடம் இது. முன்பம்பர் தோலுக்கும் உலோகக் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில், மூலைகளில், கணிசமான இடம் இருப்பது உண்மை. காற்றும் படும். ஆனால் சிறு மோதலிலேயே நசுங்கும் இடமும் அதுதான். பல வண்டிகளில் ஏர்பேக்கை இயக்கும் மோதல் உணரிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் அருகே கனமான ஒரு பொருளைப் பொருத்துவது, வண்டியை வடிவமைத்தவர்கள் கணக்கில் கொள்ளாத செயல். ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்தால் காற்றோட்டமும் தடைப்படும். சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் வைப்பது சற்றுப் பரவாயில்லை, சக்கரம் முழுவதும் திரும்பி, சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கிய நிலையிலும் உறை எங்கும் தொடவில்லை என்று பார்த்த பிறகு. ஒவ்வொரு ஃபில்டர் மாற்றத்துக்கும் சக்கரத்தையும் உறையையும் கழற்ற வேண்டியிருந்தால், மூன்றாவது முறை நீங்களே தள்ளிப்போடுவீர்கள்.

பயணிகள் அறையிலோ டிக்கியிலோ வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடாது. அழுத்தத்தில் இருக்கும் சூடான ஆயில் மனிதர்கள் உட்காரும் இடத்துக்குள் வர வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

இடமே கேட்காத வழிகள்

லாரி, பஸ் இன்ஜின்களுக்கு ஃபுல்-ஃப்ளோவையும் பைபாஸையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய ஃபில்டர்கள் வெகுகாலமாகவே உண்டு; ஃபிளீட்கார்டின் வென்ச்சுரி கோம்போ வரிசை அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு. பழைய ஃபில்டர் இருந்த இடத்திலேயே இதைத் திருகினால் முடிந்தது. ஹோஸ் இல்லை, பிராக்கெட் இல்லை, கசிய வாய்ப்புள்ள புது இணைப்பு ஒன்றுகூட இல்லை. உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தும் ஒன்று கிடைத்தால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கவே தேவையில்லை என்பேன். குறை, பைபாஸ் பகுதி சிறியது. தனி ஃபில்டர் அளவுக்கு அழுக்கைத் தாங்காது. கார்களுக்கு இப்படிப்பட்டவை கிடைப்பதும் அரிது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது, ஃபுல்-ஃப்ளோவையும் கழற்றி, இரண்டு ஃபில்டர்களையும் சேர்த்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகும் இரட்டைத் தொகுப்பு. வழக்கமான ஃபில்டர் கைக்கு எட்டாத மூலையில் இருக்கும் வண்டிகளுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். எனக்கு இதில் ஈடுபாடு இல்லை. இன்ஜினுக்குப் போக வேண்டிய ஆயில் முழுவதும் இரண்டு தடித்த ஹோஸ்கள் வழியாகப் போய்வருகிறது. அவற்றில் ஒன்று பிய்ந்தால் சம்ப் காலியாகும் நேரம் நிமிடக் கணக்கில்கூட இருக்காது. பைபாஸை மட்டும் தனியே வைத்தால் ஹோஸ் மெல்லியது, ஆபத்தும் அந்த அளவுக்குச் சிறியது.

மையவிலக்கு வகையை விரும்புகிறவர்கள் இடத்தைப் பற்றி இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஆயிலின் அழுத்தத்தாலேயே சுழலும் உருளை, கரித்துகளை வெளிச்சுவரில் ஒட்டவைக்கிறது. டீசல் கரிக்கு இது நல்ல மருந்து. மாற்ற வேண்டிய வடிகட்டி கிடையாது, வழித்தெடுத்தால் போதும். ஆனால் சுழன்று வெளியேறும் ஆயிலுக்கு அழுத்தம் எதுவும் மிஞ்சுவதில்லை. தன் எடையாலேயே சம்ப்புக்கு இறங்க வேண்டும். ஆகவே கூடு செங்குத்தாக, ஆயில் மட்டத்துக்கு நன்றாக மேலே, அகலமான, மேடு பள்ளமில்லாத குழாயோடு இருக்க வேண்டும். இதை ஏற்கும் இடம் பெரிய இன்ஜின்களின் பக்கவாட்டில் மட்டுமே கிடைக்கிறது.

எங்கிருந்து எடுப்பது, எங்கே விடுவது

இடத்தை இறுதியில் தீர்மானிப்பது இந்த இரண்டு முனைகள்தான். ஊட்டும் ஆயிலை இரண்டு வழியில் எடுக்கலாம். ஆயில் அழுத்த உணரி இருக்கும் துளையில் ‘டி’ இணைப்புப் போடுவது ஒன்று. வழக்கமான ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் செருகும் சாண்ட்விச் தட்டு மற்றொன்று. சாண்ட்விச் தட்டு ஃபில்டரைச் சில சென்டிமீட்டர் வெளியே தள்ளும். அந்த அளவு இடம் அங்கே இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும். உணரித் துளைக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேறு இரண்டு உண்டு. பித்தளை ‘டி’யின் நுனியில் கனமான உணரி தொங்கினால் அதிர்வில் முறியும், அதை ஒரு குட்டை ஹோஸ் வழியாக உடலுக்கு மாற்றினால், ஒற்றைக் கம்பி உணரிக்கு எர்த் கிடைக்காமல் போகலாம், அப்போது தனியாகக் கம்பி போட வேண்டும்.

திருகு மறைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. அரைக்கால் அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் அளவு) மறைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று. அதே அளவு பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் குழாய் அளவு) மறைக்கு 28. ஜப்பானிய இன்ஜின்களில் இரண்டாவது வகை அதிகம். ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். சரியாகப் பொருந்தியதாகவே தோன்றும். மேலும் முடுக்கினால் பிளாக்கின் மறை போய்விடும்.

டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயிலிருந்து எடுக்க வேண்டாம். இன்ஜினிலேயே ஆயிலுக்கு மிகவும் ஏங்கும் பாகத்திடமிருந்து பிடுங்குவது அது.

எங்கிருந்து எடுத்தாலும், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் துளையுள்ள ஓட்டக் கட்டுப்படுத்தி ஒன்று ஊட்டும் பாதையில் இருக்க வேண்டும். பல ஃபில்டர்களில் தலைப்பகுதியிலேயே இருக்கும். நான் அதை இன்ஜின் பக்க முனையில் வைக்கவே பரிந்துரைப்பேன். ஹோஸ் எங்கே பிய்ந்தாலும் அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் ஆயில் வெளியேற முடியும். எச்சரிக்கை விளக்கைப் பார்த்து வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். ஃபில்டர் தலையில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

திரும்பும் ஆயிலுக்கு எளிய வழி, ஆயில் ஊற்றும் மூடியில் துளையிட்டு இணைப்பு வைப்பது. இன்ஜினில் எதையும் வெட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் பழைய மூடியைப் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் உலோக மூடி தேடுங்கள். டிரெயின் பிளக்குக்குப் பதிலாகத் துளையுள்ள போல்ட் போடுவது இன்னொரு வழி. கார்களில் அது தரைக்கு மிக அருகில் போய்விடும். சம்ப்பைக் கழற்றி ஓர் இணைப்பைப் பற்றவைப்பது மிகச் சிறந்தது, மிகச் செலவானதும்கூட. சம்ப்பை எப்படியும் கேஸ்கெட்டுக்காக இறக்கும் நாள் வந்தால் அப்போது செய்துகொள்ளலாம்.

ஹோஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்ரோல் ஹோஸும் அதைச் சுற்றிக் கவ்வும் கிளிப்பும் இங்கே செல்லாது. 100ஆர்1 ஹோஸின் வழக்கமான வெப்ப எல்லை 100 டிகிரி. பாரமேற்றிய வண்டியில் ஆயில் 120 டிகிரியைத் தொடும். வெளியே எஃகுப் பின்னலும் உள்ளே பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) குழாயும் கொண்ட 100ஆர்14 வகை 200 டிகிரி வரை தாங்கும். பானெட்டுக்குள் பொருத்துவதானால் இதைத் தவிர வேறெதையும் நான் பரிசீலிக்க மாட்டேன். அந்த எஃகுப் பின்னல் தொட்டதையெல்லாம் அரம்போல அறுக்கும் என்பதால், மேலே ஓர் உறை அவசியம்.

அளந்து பார்ப்பது

வாங்குவதற்கு முன் ஃபில்டரின் அளவைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து, அதே விட்டமும் உயரமும் உள்ள ஒரு தகர டப்பாவையோ அட்டை உருளையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை நினைத்த இடத்தில் கட்டி, பானெட்டை மூடிப் பாருங்கள். மேலே ஈரக் களிமண்ணை உருட்டி வைத்து மூடினால், நசுங்கிய பிறகு மிஞ்சும் தடிமனே இடைவெளியின் அளவு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரில் போட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு புரள்கிறது என்று பார்க்கட்டும். திருகிக் கழற்றும் ஃபில்டருக்குக் கீழே மறையின் நீளத்துக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேண்டும். ஃபிரான்ட்ஸ் போல டாய்லெட் பேப்பர் சுருளை வடிகட்டியாக வைக்கும் வகைகளுக்கு, கூட்டைத் திறந்து சுருளை உருவி எடுக்கும் அளவுக்கு இடம் வேண்டும். பலரும் இதைக் கணக்கிட மறக்கிறார்கள்.

ஃபில்டரின் தலைப்பகுதி மேலேயும் கூடு கீழே தொங்கியும் இருந்தால், கழற்றும்போது ஆயில் கூட்டுக்குள்ளேயே நிற்கும். படுக்கைவாட்டில் பாதி கொட்டும். கூடு மேலே இருந்தால் எல்லாம் வழிந்து கீழே உள்ள ஆல்டர்னேட்டர்மேல் விழும். வேலை செய்வதைப் பொறுத்தவரை மூன்றுமே சரி. கழுவும் வேலையைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றல்ல.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

சட்டம் உள்ள டீசல் வண்டி, நீண்ட ஓட்டம், பாரம் இழுப்பது: தயங்காமல் சட்டத்தின் உட்புறம். ஊட்டும் ஆயில் உணரித் துளையிலிருந்து, திரும்புவது ஊற்றும் மூடி வழியாக. இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஏற்பாடு) உள்ள டீசலில் கரி ஆயிலில் சேரும் வேகத்துக்கு இந்தச் செலவு தகும், அதுவும் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பி, முடிவைப் பார்த்து மாற்றும் இடைவெளியை நீட்டப் போகிறீர்கள் என்றால்.

லாரி, பஸ்: கோம்போ ஃபில்டர் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் சட்டம்.

குறுக்கு இன்ஜின் கொண்ட சிறிய பெட்ரோல் கார்: தண்ணீர்த் தொட்டியை நகர்த்திக் கிடைக்கும் முன்மூலை ஒன்றே ஏற்கத்தக்கது, அதுவும் எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம் இருந்தால். இல்லையென்றால் பொருத்தாதீர்கள். பக்கத்துத் தெருவரை போய்வரும் காரின் ஆயிலைக் கெடுப்பது பெரும்பாலும் அதில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும், தீர்ந்துபோகும் சேர்மானங்களும் (அடிட்டிவ்கள்). பெட்ரோலை எந்த வடிகட்டியும் பிரிக்காது. செலவான சேர்மானங்களை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது. நல்ல ஃபுல்-ஃப்ளோ ஃபில்டர் போட்டு, ஆயிலைச் சற்று முன்னதாகவே மாற்றினால், புது ஹோஸ்களின் ஆபத்து எதுவும் இல்லாமல் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வாரன்டி காலம் முடியாத வண்டியானால், அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் எந்தத் துளையிலும் கை வைக்க வேண்டாம்.

பொருத்தி முடித்தவுடன் இன்ஜினை ஓட்டி, ஃபில்டரின் கூடு சூடாகிறதா என்று பாருங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் குளிர்ந்தே இருந்தால் ஆயில் அதன் வழியாக ஓடவில்லை. அணைத்து, சற்று நேரம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். ஃபில்டரும் ஹோஸும் குடித்த அளவை ஊற்றி நிரப்புங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒவ்வோர் இணைப்பையும் மறுபடி முடுக்கி, ஹோஸ் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது உரசிய தடம் இருந்தால் அதன்மேல் டேப் சுற்றுவதோடு விடாதீர்கள். ஹோஸ் போகும் பாதையையே மாற்றுங்கள்.